மழைக்கு முன்னால் ஒரு நாள் சர்வரை வெளியூரில் ஓட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் பிறந்தால் உங்கள் நாளிதழில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. எத்தனை கிலோமீட்டர் மழைநீர் வடிகால் தூர்வாரப்பட்டது, எத்தனை மோட்டார் பம்புகள் தயார், எத்தனை படகுகள், எந்தெந்தப் பள்ளிகளில் நிவாரண முகாம், மாநகராட்சியின் உதவி எண் 1913. எல்லாம் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அந்தச் செய்தியில் நான் பார்த்ததே இல்லை. இந்த ஊரின் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் நூறு, இருநூறு பேர் வேலை செய்யும் கம்பெனிகளும் எந்த சர்வரை, அதாவது கணக்கும் பதிவும் இருக்கும் மையக் கணினியை, நம்பி ஓடுகின்றனவோ அது எங்கே இருக்கிறது, அது நனைந்து போனால் வேறு எந்த ஊரிலிருந்து வேலை நடக்கும், நடக்குமா என்று கடைசியாக யார், எப்போது சோதித்துப் பார்த்தார்கள்?

அம்பத்தூர், கிண்டி பக்கம் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு சர்வர் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன். சிறுசேரியில் புது டேட்டா சென்டர், அம்பத்தூரில் இன்னொன்று, இத்தனை கோடி முதலீடு என்று செய்தி வரும்போது எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெரிய கட்டடங்களுக்குள் இடம் பிடிக்காத, மூன்றாவது மாடியில் ஒரு ஏசி அறைக்குள்ளோ கணக்குப்பிள்ளை மேசைக்குப் பின்னாலோ இருக்கிற சர்வர்கள்தான் இந்த நகரத்தில் அதிகம், அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விஷயம் பழகாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். ஒரு கம்பெனியில் பத்து சர்வர் இருக்கிறது என்றால் இப்போது பத்துப் பெட்டி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. நல்ல மெமரியும் டிஸ்க்கும் உள்ள ஒன்றிரண்டு பெட்டிகளுக்குள் பத்து மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது மென்பொருளாலேயே உருவாக்கிய தனித்தனி சர்வர்கள், ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் பேச்சில் விஎம். ஒன்றில் கணக்கு, ஒன்றில் நோயாளிப் பதிவு, ஒன்றில் மெயில். ஒவ்வொரு விஎம்மும் கடைசியில் டிஸ்க்கில் உள்ள சில பெரிய ஃபைல்கள்தான், அதனால் அவற்றை அப்படியே இன்னொரு ஊரில் உள்ள பெட்டிக்கு நகலெடுத்து வைக்கலாம், முதல் தடவை முழுசாக, அப்புறம் மாறிய பகுதிகளை மட்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை. இதற்குப் பெயர் ரெப்ளிகேஷன். இங்கே இருப்பது விழுந்தால் அங்கே இருக்கும் நகலைக் கிளப்பி வேலையைத் தொடர்வது ஃபெயில்ஓவர், நிலைமை சீரானதும் பழைய இடத்துக்குத் திரும்புவது ஃபெயில்பேக். மொத்த ஏற்பாட்டுக்கும் டிஆர் என்று சொல்வோம், பேரிடர் மீட்பு.

இது பணக்கார பேங்க்குகளின் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். விஎம்களை ஓட்டுகிற மைக்ரோசாஃப்ட் மென்பொருள் ஹைப்பர்-வி. அதன் ரெப்ளிகேஷன் வசதியான ஹைப்பர்-வி ரெப்ளிகா, விண்டோஸ் சர்வர் 2012இலேயே தனி விலை இல்லாமல் வந்துவிட்டது. 2012 ஆர்2 முதல் 30 நொடி, 5 நிமிடம், 15 நிமிடம் என்று இடைவெளியைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். அதே வேலையைச் செய்யும், வியன்னாவிலிருந்து வருகிற ப்ராக்ஸ்மாக்ஸ் இலவசம், அதிலேயே டிஸ்க்கை இசட்எஃப்எஸ் என்ற முறையில் அமைத்திருந்தால் கிளஸ்டருக்குள் (ஒன்றாக இணைத்த பெட்டிகளுக்குள்) ரெப்ளிகேஷன் உண்டு, ஒன்றும் மாற்றாமல் விட்டால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். 2023 நவம்பரில் இதே வகை மென்பொருளான விஎம்வேரை ப்ராட்காம் நிறுவனம் வாங்கி, லைசென்ஸ் முறையையே மாற்றிய பிறகு பல சின்ன கம்பெனிகள் அதை விட்டு ப்ராக்ஸ்மாக்ஸுக்கும் ஹைப்பர்-விக்கும் வந்துவிட்டன. அந்த மாற்றத்தின்போது விஎம்களை எல்லாம் பத்திரமாக நகர்த்தினார்கள், பழைய இடத்தில் இருந்த ரெப்ளிகேஷன் ஜாபைப் புதிதாகப் போட மறந்தவர்கள் கணிசம். இதை நான் நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, "நகல் இருக்கிறதா?" என்று யாரைக் கேட்டாலும் "இருக்கிறது சார்" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது, அந்த நகலை வைத்து ஒரு முழு வேலை நாளை ஓட்டியிருக்கிறீர்களா என்பது. அதற்கு ஆமாம் என்று சொல்கிற இடம் மிகவும் குறைவு. மற்ற ஊர்க்காரர்களுக்குப் பேரிடர் எப்போது வரும் என்று தெரியாது. நமக்கோ அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் என்று பருவமே தெரியும், தெரிந்தும் பார்க்காமல் இருக்கிறோம்.

2015 டிசம்பர் 1 இரவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி, அடையாறு கரை தாண்டியது, விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர், போன் இல்லை, ஏடிஎம் இல்லை. உங்கள் தொழிலிலேயே நடந்த ஒன்று: 1878இல் தொடங்கிய 'தி இந்து' ஆங்கில நாளிதழ் அந்த டிசம்பர் 2ஆம் தேதி சென்னையில் அச்சாகவில்லை, ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை என்பதுதான் காரணம். இயந்திரம் மூழ்கினால் மட்டும்தான் வேலை நிற்கும் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சர்வர் மூன்றாவது மாடியில் சொட்டு நீர் படாமல் இருக்கலாம். ஆனால் மின்சார பேனல் தரைத்தள பார்க்கிங்கில், ஜெனரேட்டர் அதற்குப் பக்கத்தில், டீசல் வாங்கப் போக வேண்டிய பங்க்குக்கு நடுவில் இடுப்பளவு தண்ணீர், யுபிஎஸ் தாங்குவது அரை மணி. தவிர, தண்ணீர் ஏறும் பகுதிகளில் ஷாக் அடிக்கும் என்று மின்வாரியமே சப்ளையை நிறுத்திவிடும், அது சரியான முடிவும்கூட. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை.

2016 டிசம்பர் 12, வர்தா, வேறு மாதிரி. வெள்ளம் பெரிதாக இல்லை, மரங்கள் விழுந்தன, மரத்தோடு மரமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த ஃபைபர் கேபிள்களும் விழுந்தன. பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை, கார்டு தேய்க்க லைன் இல்லை. சர்வரில் எந்தக் குறையும் இல்லாமலே கடை மூடிக் கிடந்த நாள் அது. இரண்டு லைன் வைத்திருக்கிறோம், இரண்டும் வேறு வேறு கம்பெனி என்று பெருமையாகச் சொல்வார்கள், போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே கம்பத்தில் வந்து ஒரே ஜன்னல் வழியாக உள்ளே நுழையும்.

அடுத்து, நகல் எந்த ஊரில் இருக்கிறது என்பது. வேளச்சேரியில் ஆபீஸ், பெருங்குடியில் கிளை, அங்கே ரெப்ளிகா. "இரண்டு இடத்தில் இருக்கிறது" என்று ஓனர் நிம்மதியாக இருக்கிறார். இரண்டு இடத்துத் தண்ணீரும் போய்ச் சேருவது அதே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான். கிளவுடில், அதாவது பெரிய கம்பெனிகளின் டேட்டா சென்டரில் வாடகைக்கு, வைத்திருக்கிறோம், எங்களுக்குக் கவலை இல்லை என்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும்: எந்த ரீஜன், அதாவது எந்த ஊர்? மைக்ரோசாஃப்ட் அஷூரில் "சவுத் இந்தியா" என்று இருப்பது சென்னையிலேயே இருக்கிற டேட்டா சென்டர். பெயரைப் பார்த்து நமக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதையே டிஆருக்கும் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டடம் நம் ஆபீஸைவிட ஆயிரம் மடங்கு பலமானதுதான், இருந்தாலும் அதே புயல், அதே ஊர். அதற்கு ஜோடியாக அவர்களே வைத்திருப்பது புனேயில் உள்ள சென்ட்ரல் இந்தியா. அமேசானுக்கு மும்பையும், 2022 முதல் ஹைதராபாத்தும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் டேட்டா சென்டர் பெருங்குடியில் இருக்க, அதன் பேரிடர் மீட்பு மையத்தைத் திருச்சியில் வைத்திருக்கிறார்கள், அது புத்திசாலித்தனம். மும்பையின் தேசியப் பங்குச் சந்தை தன் மாற்று மையத்தை நம் சென்னையில் வைத்திருக்கிறது, நம்மை நம்பித்தான்.

தூரம் போகப் போக ஒரு விலையும் உண்டு. ஃபைபருக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க சுமார் 5 மைக்ரோ விநாடி ஆகும். சென்னையிலிருந்து பெங்களூருக்கு 350 கிலோமீட்டர் என்று வைத்தால் போய் வர மூன்றரை மில்லி விநாடி, வழியில் உள்ள ஸ்விட்ச்களின் தாமதம் தனி. இங்கே எழுதுகிற ஒவ்வொரு எழுத்தும் அங்கேயும் எழுதியாயிற்று என்று பதில் வந்த பிறகே நகர வேண்டும் என்றால், அதாவது சிங்க்ரனஸ் முறை என்றால், டேட்டாபேஸ் மந்தமாகிவிடும். அதனால் அந்த முறையைப் பொதுவாக நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் வைப்பார்கள். சின்ன நிறுவனங்களுக்கு அசிங்க்ரனஸ் போதும், சில நிமிடம் பின்தங்கிய நகல். அப்படியானால் கடைசிச் சில நிமிடம் போகும் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு போகலாம் என்பதை ஆர்பிஓ என்கிறோம், எவ்வளவு நேரத்தில் திரும்ப ஓட வேண்டும் என்பது ஆர்டிஓ (வண்டி லைசென்ஸ் தருகிற ஆபீஸ் இல்லை). ஒரு லேபில் 15 நிமிட ஆர்பிஓ என்றால் கடைசி 15 நிமிடத்தில் பதிவான ரத்தப் பரிசோதனை முடிவுகளை மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்குத் துண்டுச்சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும். இதை முடிவு செய்ய வேண்டியவர் லேபின் டாக்டர். நடைமுறையில் சாஃப்ட்வேர் பையன் ஒருவன் மெனுவில் இருக்கும் நடு எண்ணைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறான்.

இப்போது 2021 பிப்ரவரி 24. மேலே சொன்ன அதே தேசியப் பங்குச் சந்தை. லைன்களில் கோளாறு, அதைத் தொடர்ந்து ஸ்டோரேஜ் கிடைக்காமல் போய் ரிஸ்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம் நின்றது. காலை 11.40க்கு வர்த்தகத்தை நிறுத்தினார்கள், மறுபடி தொடங்கியது மாலை 3.45க்கு. முழு அளவில் மாற்று மையம் இருந்தது, பணத்துக்குக் குறை இல்லை, ஆள் பலத்துக்குக் குறை இல்லை, ஆனாலும் அன்று மாற்று மையத்துக்கு மாறவில்லை. அடுத்த மாதமே பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி விதியை இறுக்கியது: முக்கியமான சிஸ்டம் விழுந்தால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் வேலை திரும்ப ஓட வேண்டும். பிறகு 2024 மார்ச் 2, சனிக்கிழமை, சிறப்பு வர்த்தகம் வைத்து, காலையில் முதல் பகுதியை வழக்கமான மையத்திலும் இரண்டாவது பகுதியை மாற்று மையத்திலும் உண்மையான பணத்தோடு நடத்திக் காட்டினார்கள். மே 18 அன்று இன்னொரு முறை.

செபியின் விதியில் எனக்குப் பிடித்தது அந்த முதல் 30 நிமிடம்தான். ஃபெயில்ஓவரில் மிக அதிக நேரம் வீணாவது "இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம்" என்பதில். ஐடி ஆளுக்குப் பயம்: மாற்றிவிட்ட பிறகு கரண்ட் வந்துவிட்டால் "யாரைக் கேட்டு மாற்றினாய்" என்பார்கள். மேனேஜர் எம்டியைக் கேட்க வேண்டும் என்பார். எம்டி துபாயில் இருப்பார், அல்லது அவர் வீட்டிலும் டவர் இருக்காது. பொத்தானை அழுத்தினால் சில நிமிடத்தில் முடிகிற வேலை, ஆனால் யார் அழுத்தலாம் என்று ஒரு தாளில்கூட எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு பேர் பெயர், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று ஒரு எண், கீழே ஓனரின் கையெழுத்து. இதற்கு எந்த லைசென்ஸும் வாங்க வேண்டியதில்லை.

அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பெங்களூரில் நகலைக் கிளப்பிவிட்டீர்கள், பில் போட ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் வேளச்சேரியில் கரண்ட் வருகிறது. கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி அந்தப் பெட்டி செட் செய்யப்பட்டிருக்கிறது, அதற்குள் இருக்கும் விஎம்மும் பெட்டி எழுந்ததும் தானாக எழும்படி இருக்கிறது. யாரும் தொடாமலே பழைய சர்வர் உயிர் பெற்று, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரின் என்ட்ரிகளை வாங்க ஆரம்பித்துவிடும். இப்போது இரண்டு சர்வர், இரண்டுமே தான்தான் அசல் என்று நினைக்கும், இரண்டிலும் ஒரே இன்வாய்ஸ் நம்பரில் வேறு வேறு பில்கள். எங்கள் தொழிலில் இதை ஸ்ப்ளிட் பிரெய்ன் என்பார்கள். சர்வர் நின்று போவதைவிட இது மோசம், ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவரைக் கேட்டால் தெரியும். அதனால் அங்கே ஆன் செய்யும் முன்பு இங்கே ஆஃப் என்பது உறுதியாக வேண்டும், உறுதி செய்ய முடியாதபடி ஆபீஸ் மூழ்கியிருந்தால் கரண்ட் வந்ததும் முதலில் உள்ளே போகிறவர் அந்தப் பெட்டியின் நெட்வொர்க் வயரைக் கழற்ற வேண்டும். இதைச் செய்யப் போகிறவர் வாட்ச்மேன் அண்ணாவாகத்தான் இருப்பார். அவருக்கு எந்த வயர் என்று முன்கூட்டியே காட்டி, ஒரு சிவப்பு டேப் சுற்றி வையுங்கள்.

சோதனை என்று ஒன்று செய்கிறவர்களும் பெரும்பாலும் டெஸ்ட் ஃபெயில்ஓவரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நகலைத் தனி நெட்வொர்க்கில் கிளப்பி, லாகின் ஸ்கிரீன் வருகிறது, போட்டோ எடுத்தாயிற்று, ஆடிட்டருக்கு அனுப்பியாயிற்று. அதில் தெரியாதவை ஏராளம். கம்பெனியின் மொத்தக் கணக்கு வழக்கையும் பார்க்கும் இஆர்பி சாஃப்ட்வேரின் லைசென்ஸ், பென் டிரைவ் மாதிரி இருக்கும் ஒரு யுஎஸ்பி டாங்கிளில் இருக்கும், அந்த டாங்கிள் மூழ்கிய பெட்டியின் பின்பக்கம் செருகியிருக்கும். பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்க்கும் ஆக்டிவ் டைரக்டரி சர்வரை ரெப்ளிகேஷனில் சேர்த்திருக்க மாட்டார்கள், அதனால் எல்லா விஎம்மும் எழுந்து நிற்கும், ஒருத்தராலும் உள்ளே நுழைய முடியாது. டேட்டாபேஸ் எழும் முன்பே அப்ளிகேஷன் எழுந்து, தேடிப் பார்த்துவிட்டு எரர் போட்டுப் படுத்துவிடும், வரிசை முக்கியம். சர்வரின் நெட்வொர்க் முகவரியான ஐபி மாறியிருக்கும், லேபில் உள்ள பார்கோடு பிரின்டர் பழைய ஐபியையே தட்டிக்கொண்டிருக்கும். எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று சொல்கிற டிஎன்எஸ்ஸை மாற்றினாலும் பழைய முகவரியை ஒரு நாள் வரை ஞாபகம் வைத்துக்கொள் என்று எப்போதோ செட் செய்திருப்பார்கள். கிளவுட் கணக்குக்குள் நுழைய ஓடிபி போகும் போன் நம்பர், வேலையை விட்டுப் போனவருடையது. எல்லாப் பாஸ்வேர்டும் பத்திரமாக ஒரு ஃபைலில் இருக்கும், அந்த ஃபைல் எங்கே என்று கேட்காதீர்கள்.

தென்சென்னையில் ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். ரெப்ளிகேஷன் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். போய்த் திறந்து பார்த்தால் நகல் வாங்குகிற பக்கத்தில் டிஸ்க் நிறைந்து மாதக்கணக்கில் நின்று கிடக்கிறது. எச்சரிக்கை மெயில் ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருந்தது, ஓய்வு பெற்ற ஒருவரின் முகவரிக்கு. அதை மறுபடி தொடங்குவதும் சும்மா இல்லை. 100 எம்பிபிஎஸ் லைன் முழுசாகக் கிடைத்தாலே மணிக்கு 45 ஜிபிதான் போகும், இரண்டு டிபி என்றால் கிட்டத்தட்ட இரண்டு நாள், பகலில் மாணவர்களும் அதே லைனைப் பயன்படுத்துவார்கள் என்பதால் அதைவிட அதிகம். முதல் நகலை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டு, பெங்களூர் பஸ்ஸில் ஒரு ஆளோடு அனுப்பிவிடுவது இன்றைக்கும் வேகமான வழி. ஃபெயில்பேக் செய்யும்போதும் இதே கணக்கு தலைகீழாக உண்டு, அதை யாரும் யோசிப்பதே இல்லை. போவதற்கு ஐந்து நிமிடம், திரும்பி வர ஒரு வார இறுதி முழுக்க.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். ரெப்ளிகேஷன் இருந்தால் பேக்கப் வேண்டாம் என்று சிலர் பேக்கப்பை நிறுத்திவிடுகிறார்கள். கண்ணாடி முன் நின்று முகத்தில் கரியைப் பூசினால் கண்ணாடியில் இருப்பவருக்கும் கரிதான். ஒருவர் தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால் 30 நொடியில் நகலிலும் அழியும். பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் வைரஸ் புகுந்து ஃபைல்களைப் பூட்டினால் பூட்டிய ஃபைல்களே விசுவாசமாக அடுத்த ஊருக்குப் போகும். சில மணி நேரம் பின்னே போக ரிகவரி பாயின்ட்கள் உண்டு, ஹைப்பர்-வியில் மணிக்கு ஒன்றாக 24 வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் வைரஸ் புகுந்து மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது என்றால் 24 மணி நேரம் என்ன செய்யும்? 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ரேன்சம்வேரால் சர்வர்கள் முடங்கி, கிட்டத்தட்ட இரண்டு வாரம் நோயாளிப் பதிவு கையால் நடந்தது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் இ-ஹாஸ்பிடல் என்ற நோயாளிப் பதிவு மென்பொருளின் தகவல்களை மீட்டார்கள். தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து 709 அரசு சிஸ்டம்கள் நின்றன. அதில் ஜி-டிரைவ் என்று அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த இடம், 858 டிபி, வெளியே நகல் இல்லாமல் எரிந்தது. மிகப் பெரியது, அதனால் பேக்கப் எடுக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். தொழில்நுட்பத்தில் நமக்கு மேலே இருக்கிற நாடு. ஆகவே ரெப்ளிகேஷனும் வேண்டும், அதோடு யாராலும் தொட முடியாதபடி கழற்றி வைத்த ஒரு பேக்கப்பும் வேண்டும். இது பற்றி இதற்கு மேல் எழுதினால் நீளும், ஏற்கெனவே நீண்டுவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? பேங்க்குகளுக்கு ரிசர்வ் வங்கி வழி காட்டியிருக்கிறது. 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த உத்தரவில், முக்கியமான சிஸ்டம்களுக்குக் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஆர் டிரில், அதாவது ஒத்திகை, நடத்த வேண்டும், மாற்று மையத்தையே பிரதான மையமாக வைத்து, காலையில் கடை திறப்பதிலிருந்து மாலை கணக்கு முடிப்பது வரை ஒரு முழு வேலை நாளாவது ஓட்ட வேண்டும் என்று இருக்கிறது. லாகின் ஸ்கிரீன் போட்டோவெல்லாம் செல்லாது. இதையே நம் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் கம்பெனிகளும் தாங்களாகவே எடுத்துக்கொள்ளலாம், யாரும் கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டாம். என் யோசனை, செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. கூட்டம் குறைவாக இருக்கும், மழை இன்னும் வந்திருக்காது, ஏதாவது உடைந்தால் சரி செய்ய ஞாயிறு இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு முறைப்படி இங்கே நிறுத்தி, கடைசி மாற்றங்களும் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து, அங்கே ஆன் செய்யுங்கள், திட்டமிட்ட ஃபெயில்ஓவரில் ஒரு பைட்கூட இழக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை முழுக்க ரிசப்ஷனில் இருக்கும் அம்மாவும் பில் கவுன்டர் பையனும் அதில்தான் வேலை செய்யட்டும். அவர்கள் என்னென்ன ஓடவில்லை என்று சொல்வார்கள், ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஐடி ஆளை அன்று ஆபீஸுக்கே வர விடாதீர்கள், வீட்டிலிருந்தே செய்யச் சொல்லுங்கள், வெள்ளத்தன்று அவர் நிலைமை அதுதான்.

செலவு ஆகும் என்பார்கள். கிளவுடில் நகலுக்கு டிஸ்க் வாடகை மட்டும் மாதாமாதம் கொடுத்துவிட்டு, மெமரியும் ப்ராசஸரும் ஃபெயில்ஓவர் நாளன்று மட்டும் வாடகைக்கு எடுக்கிற ஏற்பாடு இருக்கிறது. அல்லது கோயம்புத்தூரில் கிளை உள்ளவர்கள் அங்கே ஒரு பழைய சர்வரைத் தூசி தட்டி வைக்கலாம், கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் ஓடும். கீழ்த்தளத்தில் ஏசி மாற்றுவதற்கு ஆகிற செலவைவிட இது குறைவாக முடிந்த இடங்கள் உண்டு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பருவமழை முன்னேற்பாடு பற்றி மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் கூட்டம் போட்டு அறிவிக்கும்போது உங்கள் நிருபர் அங்கே இருப்பார். படகு எத்தனை, பம்பு எத்தனை என்று கேட்ட பிறகு, குடிநீர் வாரியம், மின்வாரியம், அரசு மருத்துவமனைகள், மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஆகியவற்றின் கம்ப்யூட்டர் சேவைகளை மாற்று மையத்திலிருந்து கடைசியாக எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்று துறை துறையாகக் கேட்கச் சொல்லுங்கள். எங்கே இருக்கிறது என்ற ரகசியமெல்லாம் வேண்டாம், தேதியும் மணி நேரமும் போதும். பெரிய தனியார் மருத்துவமனைகளிடமும் இதையே கேட்கலாம். வருகிற பதிலை அப்படியே ஒரு அட்டவணையாகப் போடுங்கள், "விவரம் இல்லை" என்று வந்தாலும் அதையும் சேர்த்து.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பு வேலையில் இருக்கும் ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை.